மீட்டர் செத்தால் கேமரா சாவதில்லை

பரணிலிருந்து ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமரா இறங்கியதும் அதன்மேல் தீர்ப்புகள் வரிசையாக விழும். லைட் மீட்டர் வேலை செய்யவில்லை, ஆகவே அலமாரியில் வைக்கத்தான் லாயக்கு. மீட்டர் வேலை செய்தாலும் இத்தனை வளையங்களையும் எண்களையும் கையாள்வது தேர்ந்தவர்களுக்கே ஆகும். ஆசைப்பட்டால் முதலில் தானியங்கி கேமராவில் அடிப்படையைக் கற்று, பிறகு இதற்கு வரலாம். பழுது பார்ப்பவர், ஃபிலிம் விற்பவர், ஒளிப்படம் சொல்லித்தருபவர் என எல்லாரும் ஏறத்தாழ இதையே சொல்கிறார்கள். கேட்டவர் கேமராவைத் துணியில் சுற்றி மீண்டும் பரணிலேயே வைத்துவிடுகிறார்.

இந்தக் கருத்துக்குக் காரணங்கள் உண்டு; அவற்றை மறைத்து வாதிடுவது நேர்மையாகாது. ஒரு ஃபிலிம் ரோல், அதைக் கழுவும் செலவு, ஸ்கேன் செய்யும் செலவு எல்லாம் சேர்ந்தால் ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டும். செய்த தவறு நாட்கள் கழித்து, லேபிலிருந்து நெகட்டிவ் வந்தபிறகே தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரில் கண் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, மேலேயுள்ள தனி ஜன்னல் வழியாக. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே 36 படங்களையும் எடுத்து முடித்தவர்கள் இருக்கிறார்கள். இவை உண்மைகள். ஆனால் இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு.

அதைச் சோதிக்கத் தோதான இடம், திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே உள்ள தேர்வாய் கண்டிகை. சிப்காட் தொழிற்பூங்காவும் மிஷெலின் டயர் ஆலையும் அங்கே இருக்கின்றன. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடி கொள்ளளவில் கட்டப்பட்டு, 2020 நவம்பரில் திறக்கப்பட்ட நீர்த்தேக்கமும் அங்கேதான். மறைப்பில்லாத கரை, நீரின் கண்ணாடிப் பளபளப்பு, நீண்ட மதில்களின் நிழல், பனைமரம், தகரக் கூரையின்கீழ் ஓர் இருண்ட தேநீர்க்கடை. ஒரு கேமரா சந்திக்க வேண்டிய ஒளி வகைகளில் பெரும்பாலானவை ஒரு நாள் சுற்றலில் கிடைத்துவிடும்.

1. எத்தனை குமிழ்கள் இருக்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? கேனன் நிறுவனத்தின் கேனோனெட் க்யூஎல்17 ஜி3-ஐ எடுத்துக்கொள்ளலாம். 1972-ல் வந்தது, 40 மி.மீ. லென்ஸ், எஃப் 1.7 துளை. அதில் படத்தின் தன்மையை மாற்றுபவை மூன்றே: ஒளி நுழையும் துளையின் அளவு, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், லென்ஸுக்கும் பொருளுக்குமான தூரம். மற்றவை பெரும்பாலும் ஃபிலிமை நகர்த்தவும் சுற்றவும் உள்ளவை. மூன்றும் லென்ஸைச் சுற்றியே இருக்கின்றன. எண்கள் வெளியே பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொத்தானை அழுத்துமுன் கேமராவைக் குனிந்து பார்த்தால் என்ன நடக்கப்போகிறது என்பது முழுவதும் தெரியும். மெனுவுக்குள் மெனுவாகத் திறக்கும் இன்றைய கேமரா எதிலும் இந்த வெளிப்படைத்தன்மை இல்லை.

எண்களைக் கண்டு மிரள்வதற்கும் காரணமில்லை. ஷட்டர் வளையத்தில் 60, 125, 250, 500 என்பவை விநாடியின் பங்குகள். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி நேரம். துளை வளையத்தில் 4, 5.6, 8, 11, 16; எண் கூடக்கூட ஒளி பாதியாகிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று அளந்து பழகிய மொழிக்கு இந்த இரட்டிப்பு புதிதல்ல. துளையில் ஒரு படி குறைத்து நேரத்தில் ஒரு படி கூட்டினால் ஃபிலிமில் விழும் ஒளியின் அளவு மாறாது. எஃப் 16-ல் 250-ம், எஃப் 11-ல் 500-ம் ஒரே நாழிதான். இந்த ஒரு கணக்குக்கு மேல் கேமரா கணிதம் எதையும் கேட்பதில்லை.

2. மீட்டர் இல்லாவிட்டால் ஒளியை எப்படி அறிவது என்று கேட்பவர்கள், மீட்டர் என்ன அறிகிறது என்பதைக் கேட்பதில்லை. கேமராவுக்குள் உள்ள மீட்டர் தன் முன்னே தெரிவது எல்லாமே சராசரியான சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. நீர்த்தேக்கக் கரையில், பளபளக்கும் நீரையும் வெளுத்த வானத்தையும் பின்னால் வைத்து ஒருவரை நிறுத்தினால், அத்தனை வெளிச்சத்தையும் சாம்பலாக்க முயன்று அது துளையைச் சுருக்கும். முகம் கருத்துப்போகும். வெள்ளை வேட்டியும் கருத்த முகமும் சேர்ந்த நம் ஊர்ப் படங்களில் இந்தத் தவறு எத்தனை முறை நடந்திருக்கும் என்பதற்குக் கல்யாண ஆல்பங்களே சாட்சி. உயிரோடிருக்கும் மீட்டருக்கும் திருத்தம் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அப்படித் திருத்தத் தெரிந்தவருக்குப் பகல் வெளிச்சத்தில் மீட்டர் கட்டாயமும் இல்லை.

காரணம் எளியது. தெளிந்த வானத்தில் காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை சூரிய ஒளியின் அளவு பெரிதாக மாறுவதில்லை. எனவே வெயிலில் எஃப் 16. ஷட்டர் எண், ஃபிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில் உள்ளது. ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கு 250. மற்றதை நிழலே சொல்லிவிடும். தரையில் விழும் நிழலின் விளிம்பு கத்தி வெட்டியதுபோல் இருந்தால் எஃப் 16. விளிம்பு கலைந்திருந்தால் எஃப் 11. நிழல் இருப்பதே மங்கலாகத் தெரிந்தால் எஃப் 8. மழை மேகம் மூடி நிழலே இல்லையென்றால் எஃப் 5.6. வெயில் நாளில் மதிலின் நிழலுக்குள் நிற்பவருக்கு எஃப் 4. ஃபிலிம் கம்பெனிகள் இந்த அட்டவணையைச் சூரியன், மேகம் படங்களோடு பெட்டியிலேயே அச்சிட்டுக் கொடுத்தன. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 பெட்டிக் கேமராவில் மீட்டர் கிடையாது. வெயிலுக்கும் மேகத்துக்கும் குறிகள் மட்டும்தான். இந்தியக் குடும்பங்களின் பழைய ஆல்பங்களில் ஒட்டியிருக்கும் சதுரப் படங்கள் பல அப்படி எடுக்கப்பட்டவையே.

இந்த விதியை அப்படியே ஒப்பிப்பதும் போதாது. தமிழ்நாட்டின் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. புருவத்தின் நிழல் கண்குழியை மூடுகிறது. தலையில் துண்டோ தொப்பியோ இருந்தால் முகம் முழுவதும் நிழல்தான். ஆகவே கரையில் நண்பகலில் ஆளைப் படமெடுக்க எஃப் 16 என்பதை எஃப் 11 ஆக்க வேண்டும். ஆலைக் கட்டடத்தை மட்டும் எடுப்பதானால் எஃப் 16 சரி. தேநீர்க்கடையின் உள்ளே விதி எட்டாது. ஆனால் அங்கேயும் படி இறங்கிக் கணக்கிடலாம். வெளியே மதில் நிழலில் எஃப் 4-ல் 250 என்றால், வாசலை ஒட்டி உள்ளே அமர்ந்திருப்பவருக்குச் சுமார் நான்கு படி கூடுதல் ஒளி தேவை: எஃப் 2-ல் 60. கடையின் ஆழத்துக்குள் போனால் இன்னும் வேண்டும். அங்கே கேமராவை மேசைமேல் ஊன்றி 30, 15 என இறங்க வேண்டும். கலர் நெகட்டிவ் ஃபிலிம் இரண்டு படி கூடுதல் ஒளியை நன்றாகவே தாங்கும். குறைவை அவ்வளவு தாங்காது. சந்தேகம் வந்தால் துளையைத் திறந்துவிடுவதே பாதுகாப்பு.

மேதைகளுக்குத்தான் இது கைகூடும் என்பார்கள். ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்தார். லைக்கா கேமராவுக்குள் மீட்டர் வைக்கப்பட்டது 1971-ல் வந்த எம்5-ல்தான். அவர் கையிலிருந்த லைக்கா ஒளியைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்க முடியாது. அவருடைய மேதைமை எதை எப்போது எடுப்பது என்பதில் இருந்தது. ஒளியை மதிப்பிடுவது மேதைமை அல்ல, கைப்பழக்கம். உலையில் அரிசிக்குத் தண்ணீர் வைக்கும் எவரும் அளவுக்கோலைத் தேடுவதில்லை.

இதற்கு விதிவிலக்காகத் தோன்றும் கேமரா ஒன்று உண்டு. யாஷிகா எலெக்ட்ரோ 35-ல் ஷட்டரை மின்சுற்றே இயக்குகிறது. பேட்டரி இல்லாவிட்டால் அது 500-ல் ஒரு பங்கு விநாடி ஒன்றில்தான் திறந்து மூடும். சரி, ஐஎஸ்ஓ 200 ஃபிலிமில் 500-க்கு வெயிலில் எஃப் 11, மெல்லிய மேகத்தில் எஃப் 8, மூடிய வானத்தில் எஃப் 4. பேட்டரியே இல்லாத எலெக்ட்ரோவும் தேர்வாய் கண்டிகைக் கரையில் பகல் முழுவதும் படமெடுக்கும். கேனோனெட்டில் அந்தத் தடையும் இல்லை. பேட்டரி எடுத்துவிட்டாலும் அதன் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும், போவது மீட்டர் மட்டுமே. அந்த மீட்டருக்கு உரிய 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் அளவு தவறும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 1.4 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ ஒத்துப்போகும். “மீட்டர் செத்துவிட்டது” என்று ஒதுக்கப்படும் கேமராக்களில் சிலவற்றுக்கு இவ்வளவுதான் குறை.

3. இரட்டை உருவத்தை இணைப்பது கண்ணுக்குக் கஷ்டம் என்ற புகார், பெரும்பாலும் தவறான இடத்தைப் பார்ப்பதால் வருகிறது. ரேஞ்ச்ஃபைண்டரின் வேலை எளிய வடிவகணிதம். முன்பக்கத்தில் சற்று விலகியிருக்கும் இரண்டு ஜன்னல்கள் ஒரே பொருளை இரண்டு கோணத்தில் பார்க்கின்றன. இரண்டாம் உருவம் காட்சியின் நடுவிலுள்ள சிறு கட்டத்தில் மேலே விழுகிறது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் அது இடவலமாக நகரும். இரண்டும் ஒன்றாகும் இடத்தில் தூரம் சரி. உருவம் பக்கவாட்டில் நகர்வதால் பார்க்க வேண்டியது செங்குத்துக் கோடு: கதவு நிலை, மின்கம்பம், பனையின் விளிம்பு, மூக்கின் ஓரம். நீர்மட்டக் கோட்டையோ கரையின் விளிம்பையோ வைத்து இணைக்கப் பார்ப்பவர் தோற்பது உறுதி. குறுக்குக் கோடு பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தாலும் அப்படியேதான் தெரியும். படுக்கைக் கோடு மட்டும் இருக்கும் இடத்தில் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து இணைத்துக்கொள்ளலாம்.

கட்டம் மங்கிவிட்டது என்பது அடுத்த குறை. வ்யூஃபைண்டரின் முன்கண்ணாடியில் நடுப்பகுதியை மட்டும் மறைக்கும்படி ஒரு சிறு கறுப்பு நாடாத் துண்டை ஒட்டினால், அந்த இடத்தில் இரண்டாம் உருவம் மட்டும் பளிச்சென்று தெரியும். சுற்றியுள்ள உருவத்தோடு அதைச் சேர்ப்பது எளிதாகும். கட்டம் சரியாக அமைந்திருக்கிறதா என்பதையும் காசில்லாமல் சோதிக்கலாம். லென்ஸை முடிவிலிக் குறிக்குத் திருப்பி, நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் தெரியும் உயர் அழுத்த மின்கோபுரத்தைப் பார்க்க வேண்டும். கோபுரம் ஒன்றாகத் தெரிந்தால் கேமரா நலம். இரண்டாகத் தெரிந்தால் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டியது இதற்காகத்தான், மீட்டருக்காக அல்ல. சோவியத் கேமராவான சோர்க்கி 4-ல் ரீவைண்ட் குமிழைச் சுற்றி ஒரு நெம்பி இருக்கிறது. அது பார்வைக் குறைவுக்கு ஏற்ப வ்யூஃபைண்டரைச் சரிசெய்வது. அதைத் திருப்பிப் பார்க்காமலே “எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை” என்று சொன்னவர்கள் ஏராளம்.

எல்லா நேரமும் இணைத்துப் பார்க்கவும் வேண்டியதில்லை. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 5 மீட்டருக்குத் திருப்பினால், ஏறத்தாழ மூன்றரை மீட்டரிலிருந்து ஒன்பதரை மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். எஃப் 16 என்றால் இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை. இந்தக் கணக்கு லென்ஸின் மேலேயே இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும் கோடுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து ஆலை வாசலிலிருந்து கூட்டமாக வெளியேறுபவர்களை எடுக்கத் தானியங்கி ஃபோகஸைவிட இது வேகமானது, ஏனென்றால் ஃபோகஸ் செய்யும் வேலை முன்பே முடிந்துவிட்டது. நேர்மாறாக, எஃப் 2-ல் ஒரு மீட்டரில் இருக்கும் முகத்துக்குத் தெளிவின் ஆழம் நான்கைந்து சென்டிமீட்டர்தான். அங்கே கண்ணின் ஓரத்தில் இணைத்தே ஆக வேண்டும். பிறகு ஆளோ கேமராவோ அசையக் கூடாது. தூரத்தை மதிப்பிடப் பழக முழமும் கட்டிலும் போதும்: இரண்டு முழம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒரு கட்டிலின் நீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர்.

4. ஃபிலிம் விலை அதிகம் என்பது சரி. ஃபிலிம் போட்டுத்தான் கற்க வேண்டும் என்று யார் சொன்னது? துளை, நேரம், தூரம் மூன்றையும் வெற்றுக் கேமராவில் ஒரு வாரம் பழகலாம். ஒரு காட்சியைப் பார்த்து முதலில் வாயால் எண்ணைச் சொல்லி, பிறகு கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் மீட்டர் செயலியில் சரிபார்க்க வேண்டும். வரிசை முக்கியம்: ஊகம் முன்னே, கருவி பின்னே. கருவியை முதலில் பார்ப்பவருக்கு ஊகம் வளர்வதே இல்லை. முதல் ரோலில் நான்கு படங்களை ஒரே காட்சிக்குச் செலவிடலாம். வெயிலில் நிற்கும் ஒரே ஆளை எஃப் 16, 11, 8, 5.6-ல் எடுத்து நோட்டில் குறிக்க வேண்டும். லேபிலிருந்து வந்தபின் ஸ்கேனைப் பார்க்கக் கூடாது, நெகட்டிவைப் பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்யும் கணினி வெளிச்சத்தைத் தானாகத் திருத்திவிடுவதால் தவறு அங்கே மறைந்துபோகும். நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எது மெலிந்தது, எது தடித்தது என்று கண்ணுக்கே தெரியும்.

5. தானியங்கியில் தொடங்கி இதற்கு வரலாம் என்பது எல்லாவற்றிலும் அதிகக் கேடு செய்யும் அறிவுரை. தானியங்கி கேமரா துளையையும் நேரத்தையும் பயன்படுத்துபவரிடமிருந்து மறைப்பதற்காகவே செய்யப்பட்டது. மறைப்பதைக் கொண்டு மறைக்கப்பட்டதைக் கற்க முடியாது. அதில் ஆயிரம் படம் எடுத்தவருக்கும், மேகம் கலைந்தபோது என்ன மாறியது என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம். பழைய கேமராவில் பத்துப் படம் எடுத்தவர் அதைச் சொல்லாமல் பதினோராவது படத்தை எடுக்க முடியாது. இந்த அறிவுரையின் விளைவு இன்னொன்று: பரணில் கிடக்கும் கேமராவின் ஷட்டர் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் எண்ணெய் இறுகி, குறைந்த வேகங்கள் ஒட்டிக்கொள்கின்றன. காத்திருக்கச் சொல்வதே கேமராவைக் கொல்கிறது.

6. இவற்றில் எதுவும் கடினமில்லை என்றால் ஏன் இத்தனை ரோல்கள் வீணாகின்றன? சொல்லித்தர வேண்டிய சில கைவேலைகளை யாரும் சொல்லித்தராததால். அவை ஒளியைப் பற்றியவை அல்ல.

சோர்க்கி 4 போன்ற சோவியத் கேமராக்களில் ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் மாற்றினால் உள்ளே பல்லிணைப்பு கெடலாம். குறி காட்டும் வேகமும் பொய்யாகும். அவற்றின் ஷட்டர் துணித் திரை. ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணாடி குறுக்கே நிற்பதில்லை. ஆகவே லென்ஸ் மூடியில்லாமல் கேமராவை வெயிலில் மல்லாக்கப் போட்டால் சூரியன் ஃபோகஸாகித் திரையில் ஓட்டை விழும். நீர்த்தேக்கக் கரையில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் நேரம் அதற்குப் போதும். மூடியைப் போடுவது ஷட்டரைக் காக்கிறது. எடுக்க மறப்பது படத்தைக் கெடுக்கிறது. ஷட்டரை ஏற்றும்போதெல்லாம் இடது கை விரலால் லென்ஸைத் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கினால் இரண்டும் தீரும். கேனோனெட்டில் ஷட்டர் லென்ஸுக்குள் உலோக இதழ்களாக இருப்பதால் ஓட்டை விழும் அச்சம் இல்லை.

அந்தக் கேமராவின் ஷட்டர் 500-க்கு மேல் போகாது, துளை 16-க்குக் கீழ் சுருங்காது. ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டால் நண்பகலில் இரண்டும் முட்டி நிற்கும். துளையைத் திறந்து பின்னணியைக் கலைக்க வழியே இருக்காது. நம் வெயிலுக்கு 100 அல்லது 200 வாங்குவதே சரி. மீட்டர் இல்லாத கேமராவில் உள்ள ஐஎஸ்ஓ வட்டு வெறும் நினைவுக் குறிப்பு. அதைத் திருப்பினால் படம் மாறாது.

வீணாகும் ரோல்களில் பல, ஃபிலிம் சுருளிலேயே மாட்டாமல் போனவை. பின்மூடியை அடைத்தபின் ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருப்பித் தளர்வை எடுக்க வேண்டும். பிறகு ஃபிலிமை நகர்த்தும் நெம்பியை இழுக்கும்போது அந்தக் குமிழும் கூடவே சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது. சுழலாவிட்டால் எண்ணிக்கை முள் 36 வரை போனாலும் ஃபிலிம் ஒரு கட்டமும் நகர்ந்திருக்காது. ரோல் முடிந்து நெம்பி இறுகும்போது வலிந்து இழுக்கக் கூடாது. அடிப்புறப் பொத்தானை அழுத்தி, அல்லது சோர்க்கியில் ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பி, ரீவைண்ட் குமிழைச் சுற்ற வேண்டும். முதலில் கையில் எதிர்ப்புத் தெரியும். சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சட்டென்று இழுவை விட்டுப்போய்க் குமிழ் இலகுவாகும். அதன் பிறகே பின்மூடியைத் திறக்கலாம், அதுவும் நிழலில்.